அட்டைப்படத்துக்கு ஒரு முகம்

என்டரைத் தட்டினால் போதும், அந்தக் கை போய்விடும். முப்பிடாதி தட்டவில்லை. மதியச் சாப்பாட்டை முடித்துக் கல்லூரி மீடியா லேபுக்குள் வந்து உட்கார்ந்ததிலிருந்து திரையில் அதே படம்தான் நிற்கிறது. கல்யாணப் பெண் ஒருத்தி, நெற்றிச்சுட்டி தொங்க, கண்ணை மூடி முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறாள். படத்தின் ஓரத்திலிருந்து நீண்டு வந்து இரண்டு விரலால் அவள் தாடையை ஏந்திப் பிடித்திருக்கிறது ஒரு கை. மணிக்கட்டு வரைக்கும்தான் கை. அதற்கு மேல் படம் இல்லை. கிளாடிஸ் மேடம் காலையில் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "கவர் நல்லாருக்கும்மா, அந்தக் கைய மட்டும் கட் பண்ணிரு, யாரோட கைன்னு கேள்வி வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நியாயமான பேச்சுதான். அழகுக்கென்று ஒரு பத்திரிகை, அதற்குப் 'பொலிவு' என்று ஒரு பெயர், அதன் அட்டையில் நகச்சாயம்கூட இல்லாத ஒரு கறுத்த கை எதற்கு? முப்பிடாதியும் சொன்னபடியே வெட்டுச் சட்டத்தை இழுத்துக் கைக்கு இந்தப் பக்கமாக நிறுத்தினாள். சட்டத்துக்கு வெளியே விழுந்ததெல்லாம் மங்கிப்போயிற்று. அதோடு அவள் விரல் என்டருக்கு மேலே போய் நின்றுவிட்டது. மேடம் சொன்ன கேள்விக்குப் பதில் அவளுக்குத் தெரியும். அது அவள் அம்மாவின் கை. போன வருஷம் சித்திரையில் இறந்துபோன அம்மா.

அம்மா செண்பகவல்லி பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையிலேயே பார்லர் வைத்திருந்தாள். ஒரு சுழல் நாற்காலி, தலை அலசுகிற பேசின், சுவர் அகலத்துக்குக் கண்ணாடி. வெளியே போர்டில் யாரென்றே தெரியாத வடநாட்டுப் பெண் ஒருத்தி முடியைப் பறக்கவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள். முகூர்த்த மாதம் வந்துவிட்டால் அம்மா வீடு தங்கமாட்டாள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாகப் போய்விடுவாள். ஊரில் பாதிப் பெண்களின் கல்யாண முகம் அம்மா போட்ட முகம்தான், அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு. ஆனால் வீடியோக்காரன் விளக்கைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் வந்தானோ இல்லையோ, "பொறுங்க, நான் நவுந்துக்கிடுதேன்" என்று சட்டென்று ஒதுங்கிவிடுவாள். ஒதுங்கினாலும் வேலை நிற்கக்கூடாதே, கையை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பாள். அதனால்தான் ஊரெல்லாம் ஆல்பம் ஆல்பமாக அம்மாவின் கை இருக்கிறது. பொட்டு வைக்கிற கை. முந்தானை மடிப்பைப் பிடித்திருக்கிற கை. ஒன்றில் முழங்கை. ஒன்றில் கண்ணாடிக்குள்ளே பச்சைச் சேலையின் ஒரு துண்டு, அவ்வளவுதான், அதற்கு மேலே பிளாஷ் வெளிச்சம் அடித்து வெளுத்துக் கிடக்கிறது. அந்த வெளுப்புக்குள்ளேதான் முகம் இருந்திருக்க வேண்டும். முப்பிடாதி அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள். பெரிதாக்க ஆக்கச் சதுரம் சதுரமாக உடைந்ததே தவிர ஒன்றும் வரவில்லை. அவளுக்கு வேண்டியது அந்த முகம்தான். இந்தப் பத்திரிகையே அதற்காகத்தான். அது கூடவே வேலை செய்கிற ஷைனிக்குக்கூடத் தெரியாது.

கடைசி வருஷப் புராஜெக்ட்டுக்கு வகுப்பில் ஆளாளுக்குத் தாமிரபரணி என்றும் பீடி சுற்றுகிறவர்கள் என்றும் கனமான விஷயங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, முப்பிடாதி எழுந்து பியூட்டி மேகஸின் என்றாள். பின் பெஞ்சில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். மணப்பெண் அலங்காரம் என்று நடுப்பக்கத்தில் ஒரு பகுதி போட்டால் அம்மா ஜோடித்த பெண்களின் வீடுகளுக்குப் போகலாம், ஆல்பம் கேட்கலாம், வீடியோ கேட்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அப்படித்தான் கணக்குப் போட்டாள். போன வீட்டிலெல்லாம் காப்பி கொடுத்தார்கள். செண்பகாக்கா மகளா நீ, என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள், அழுதவர்களும் உண்டு. முகத்தைத்தான் யாரும் கொடுக்கவில்லை. அவர்கள்மேல் என்ன தப்பு, அவரவர் கல்யாண ஆல்பத்தில் அவரவர் முகம்தானே இருக்கும். ஒரு வீட்டில் வீடியோவை ஓட்டியபோது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பெண்ணுக்குப் பின்னால் அம்மா திரும்புகிற மாதிரி இருந்தது. முப்பிடாதி திரைக்குக் கிட்டே போய்விட்டாள். நிறுத்தச் சொல்லிப் பின்னால் ஓட்டிப் பார்த்தால் அது பெண்ணின் அத்தை. அந்த அத்தையும் பச்சைச் சேலை.

மறந்துபோயிற்று என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது. பெற்ற தாயின் முகம் ஒரு வருஷத்தில் மறக்குமா? அதுவும் கூடவே இருந்த பிள்ளைக்கு? ஆனால் கண்ணை மூடினால் வரமாட்டேன் என்கிறது. குரல் வருகிறது. ப்ளீச்சும் ரோஸ்வாட்டரும் கலந்த வாசம் வருகிறது. தலைக்கு எண்ணெய் வைக்கும்போது வகிட்டில் ஓடுகிற விரல் வருகிறது. மூக்கு? மூக்கு எப்படி இருந்தது? மூக்குத்தி ஞாபகம் இருக்கிறது, சின்ன வெள்ளைக் கல். கல் இருக்கிறது, அது குத்தியிருந்த மூக்கு இல்லை. சிரிக்கும்போது கன்னத்தில் ஒரு மடிப்பு விழும், இடதா வலதா? இடது என்று நினைத்தவுடனே வலது என்று தோன்றுகிறது. கண்ணாடிக்குள்ளே பார்த்த அம்மாவா, நேரே பார்த்த அம்மாவா, பார்லரில் எப்போதும் கண்ணாடி வழியாகத்தானே பேசிக்கொள்வார்கள், இவள் பின்னால் நின்று கேட்பாள், அம்மா முன்னால் பார்த்தபடி பதில் சொல்வாள். அப்படியானால் இவள் மனதில் இருப்பது புரட்டிப்போட்ட முகமா? படத்தைப் புரட்டுகிற பட்டன் இதோ திரையில் இருக்கிறது. மனசில் இருக்கிறதைப் புரட்ட எந்தப் பட்டன்? இப்படி யோசித்து யோசித்து, தேய்க்கத் தேய்க்கப் போகிற சாயம் மாதிரி, இருந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறதோ என்று அவளுக்குப் பயம். யோசிக்காமலே விட்டால் முழுதாகப் போய்விடுமோ என்று அதற்கும் பயம். பஸ் ஸ்டாண்டில் எதிரே அம்மா நடந்து வந்தால் அடையாளம் தெரியாமல் இவள் பாட்டுக்குத் தாண்டிப் போய்விடுவாளோ? நடக்கப்போகிற காரியமில்லைதான். ஆனாலும் எதிரே வருகிற முகங்களை ஒரு முறை உற்றுப் பார்த்துக்கொள்கிறாள்.

அம்மா போனில் படம் இருந்தது. டிஸ்பிளே போய்விட்டதென்று அப்பா கடையில் கொடுத்தார். கடைக்காரன் அதைப் புதுசு மாதிரி ஆக்கிக் கொடுத்துவிட்டான், உள்ளேயும் புதுசு மாதிரி ஒன்றும் இல்லாமல். அப்பா அம்மா கல்யாண ஆல்பம் ஒரு மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஏடெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஆதார் அட்டையில் இருப்பது யாரென்று அட்டைக்கே தெரியாது. மிச்சம் ஒரே ஒரு படம். பேனர் படம், அதன் மூலப்படம் அச்சடித்த கடையிலும் இல்லை. அதை நினைக்கக்கூடாது என்றுதான் முப்பிடாதி மற்ற எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மாவின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்றைக்குக் காலையில் அத்தை தன் வீட்டிலிருந்து கூட்டிவர, முப்பிடாதி தெரு முனையில் ஆட்டோவை விட்டு இறங்கினாள். கம்பம் ஓரத்தில் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. நீல வானம், வெள்ளை மேகம், இரண்டு பக்கமும் புறா. நடுவில் ரோஸ் கலரில் ஒரு பெண், கன்னமெல்லாம் மெழுகு தடவின மாதிரி, ஒரு சுருக்கம் இல்லை, ஒரு புள்ளி இல்லை. ஐயோ, நம்ம தெருவிலேயே இன்னொருத்தரும் இறந்திருக்கிறார்கள் போல, என்று அந்தப் பெண்ணுக்காக முப்பிடாதி ஒரு கணம் இரக்கப்பட்டாள். சத்தியமாக இரக்கப்பட்டாள். அப்புறம்தான் கீழே பெயரைப் படித்தாள். அந்த நிமிஷத்தை அவளால் இன்றுவரைக்கும் மன்னிக்க முடியவில்லை. பேனர் கடைக்காரர் ராசையா அண்ணன்மேல் அவளுக்கு ஏற்பட்ட ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. நல்ல மனுஷர்தான், பார்லருக்கு விலைப்பட்டியல் அச்சடித்துக் கொடுத்தவர். ஆனால் இறந்தவளுக்கு வெள்ளையடிக்கச் சொல்லி யார் இவரைக் கேட்டது? கண்ணை மூடினால் அந்த ரோஸ் பெண் அல்லவா முந்திக்கொண்டு வந்து நிற்கிறாள், அம்மா வருவதற்குள் அம்மா இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். வீட்டுச் சுவரிலும் அவள்தான். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த பிறகு பேனரை அப்பா கழற்றிக்கொண்டுவந்து, தூசி படாமல் இருக்கட்டும் என்று பார்லர் நாற்காலிமேல் போர்த்தி வைத்தார், முகம் உள்பக்கமாக. முப்பிடாதி அந்த அறைக்குள் போவதில்லை.

"ஏட்டி, இன்னும் இதயேவா பாத்துட்டு இருக்க?" ஷைனி வந்துவிட்டாள். நாசரேத்துக்காரி, பத்திரிகைக்கு எழுத்து வேலை பூராவும் அவள்தான். கையில் கேன்டீன் டீ, ஒன்று இவளுக்கு. "சாயங்காலம் பிரஸ்ஸுக்கு மெயில் போகணும். தெரியும்லா?"

"தெரியும்."

"அப்பம் என்டர தட்டு."

"தட்டுதேன்."

ஷைனி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கேள்வி பதில் பக்கத்துல ஒரு கட்டம் காலியா கிடக்கு. சிவப்பழகுக்கு ஒண்ணு போட்டா என்ன? கடலை மாவு, தயிர்னு ரெண்டு வரில முடிச்சிருவேன். எல்லா புக்லயும் இருக்கும் அது."

"நம்ம புக்ல வேண்டாம்."

"வாங்குதவங்க அதத்தாம்ட்டி மொதல்ல தேடுவாங்க."

"யாரும் வாங்கப்போறதில்ல ஷைனி. எக்ஸ்டர்னல் வந்து பொரட்டிப் பாத்துட்டு மார்க் போட்டுட்டுப் போவாரு."

"அதுவும் சரிதான்" என்றாள் ஷைனி. வெடித்த குதிகாலுக்கு என்ன செய்யலாம் என்று எழுத ஆரம்பித்தாள். அவளிடம் இருக்கிற நல்ல குணம் இது, எதையும் இழுத்துக்கொண்டு போகமாட்டாள். இவளிடம் சொல்லிவிடலாமா, ஏட்டி, இது எங்கம்மா கை, இதைக் கழித்துவிட்டால் எனக்கு ஒன்றும் இல்லை என்று? சொன்னால் ஷைனி உடனே அழுதுவிடுவாள். அழுதுகொண்டே போய் கிளாடிஸ் மேடத்திடம் சொல்லுவாள். மேடமும் கண் கலங்கி, அப்படியா, வச்சுக்கோ, கையை வச்சுக்கோ என்பார். அப்புறம் வகுப்பு பூராவும் அந்தக் கையை வந்து பார்க்கும். அம்மாவுக்கு அது பிடிக்காது. யாராவது பார்த்தாலே முந்தானைக்குள் இழுத்துக்கொள்கிற கை அது, கெமிக்கல் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் உரிந்திருக்கும். முன்பு ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அம்மா, வசதியான வீட்டு அம்மாள், அறைக்குள் எல்லாரும் இருக்கும்போதே சொன்னாள், "ஊருக்கெல்லாம் போடுதா, இவ மூஞ்சிக்கு ஒண்ணும் போடமாட்டா போல." அறை சிரித்தது. அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள், பௌண்டேஷனை ஸ்பாஞ்சில் எடுத்துக்கொண்டே. முப்பிடாதி அன்றைக்கு ஊசி எடுத்துக் கொடுக்கக் கூடப் போயிருந்தாள். அம்மா எப்படிச் சிரித்தாள்? வாயை மூடிக்கொண்டா, பல் தெரியவா? சிரித்த சத்தம் கேட்கிறது. அறையில் இருந்த மல்லிகைப்பூவும் ஈரத் தலையும் சேர்ந்த வாசம்கூட வருகிறது. அந்த அம்மாளின் முகம் துளி பிசகாமல் ஞாபகம் இருக்கிறது, மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மரு. போயும் போயும் அவள் முகம் இருக்கிறது. அம்மா நின்ற இடத்தில் கழுத்தில்லாமல் தலையில்லாமல் ஒரு பச்சைச் சேலை நிற்கிறது. பச்சைதானா அன்றைக்கு? வீடியோவில் பார்த்த அத்தையின் பச்சையை எடுத்து இவளே உடுத்திவிட்டாளா? எது நடந்தது, எது இவள் ஒட்டவைத்தது என்று பிரிக்க முடியாத இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கரித்தது. ஏசி குளிருக்குக் கண் எரிகிறது என்று ஷைனி நினைத்துக்கொள்ளட்டும்.

போன் அதிர்ந்தது. அப்பா. வேலை நேரத்தில் அப்பா கூப்பிடமாட்டார், பஸ் டெப்போவில் மெக்கானிக், கையெல்லாம் கிரீஸாக இருக்கும். முப்பிடாதி எழுந்து வராந்தாவுக்குப் போனாள். வெளியே வெயில் கொளுத்துகிறது. பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

"யம்மா, கிளாஸ்ல இருக்கியா?"

"லேப்லதாம்ப்பா. சொல்லுங்க."

"அம்மா வருஷ திதி வருதுல்லா. முதலாம் ஆண்டுன்னு பேனர் ஒண்ணு வைக்கணும்னு பெரிய மாமா சொல்லுதாரு. நீதான் இதெல்லாம் படிக்கியே, நீயே செஞ்சு குடுத்துருவியாம்மா? வெளிய குடுக்க மனசு கேக்கல. போன தடவ ராசையா அனுப்புன படம் எங்கிட்ட இருக்கு, அத உனக்கு அனுப்பி வைக்கேன்."

"செய்யுதேன்ப்பா. ஆனா அந்தப் படம் வேண்டாம்."

"வேற எங்க இருக்கு?"

"தேடிட்டு இருக்கேன். அது அம்மா மாதிரியே இல்லப்பா. அந்த ராசையாண்ணன் தன் இஷ்டத்துக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்காரு." ஒரு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்த பேச்சு.

அந்தப் பக்கம் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா சத்தம் இல்லாத இடத்துக்கு நகர்ந்தார் போலிருக்கிறது.

"அவன வையாதம்மா. அவனா ஒண்ணும் செய்யல. அம்மாதான் சொன்னா."

"என்ன சொன்னாங்க?"

"ஆஸ்பத்திரில கடைசியா கிடந்தால்லா, அப்பம். 'எப்பிடியும் பேனர் வைப்பீங்க, ராசையாட்ட சொல்லி என்னய நல்லா கலராப் போடச் சொல்லுங்க'ன்னா. நான் வஞ்சேன், பேச்சப் பாரு, பேசாம படுன்னு. அவ விடல. 'ஊர்ல உள்ள பிள்ளையள பூரா வெள்ளையாக்கி மணவறைக்கு அனுப்பிருக்கேன், என்னய ஒரு நாள் அப்படிப் பாத்தா என்ன'ன்னு கேட்டா. படமும் அவ போன்ல இருந்து அவளே எடுத்துக் குடுத்ததுதான். நான் அத அப்படியே போயி ராசையாட்ட சொன்னேன்."

"எங்கிட்ட ஏன்ப்பா சொல்லல?"

"உங்கிட்ட சொல்லாண்டாம்னா. கறுப்புதான் அழகுன்னு காலேஜ்ல போஸ்டர் ஒட்டுத பிள்ள, அவளுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவா, அவ பாட்டுக்கு இருக்கட்டும்னா." அப்பா செருமினார். "சரி, நான் அனுப்பி விடுதேன். மேல சூப்பர்வைசர் கூப்பிடுதாரு."

முப்பிடாதி வராந்தாச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போஸ்டர் ஒட்டியது உண்மை. இரண்டாம் வருஷத்தில், மகளிர் தினத்துக்கு. அதற்குப் பரிசுகூடக் கிடைத்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினபோது அம்மா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள், நல்லாருக்குட்டி என்றாள், கண்ணாடி ஓரத்தில் செருகியும் வைத்தாள். அதற்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் ப்ளீச் போட்டாள். அம்மாவுக்கு அதெல்லாம் வேண்டாம், அம்மா அப்படித் தன்னைப் பற்றி நினைக்கிறவள் இல்லை என்றுதானே இவள் இருந்தாள். விளக்கு வந்தால் ஒதுங்குவது அடக்கம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முகூர்த்தத்திலும் இன்னொருத்தியின் தாடையைப் பிடித்துக்கொண்டு, அந்த முகம் கண்ணெதிரே வெளிறி வெளிறி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு உள்ளே என்ன ஓடியிருக்கும்? கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. எப்போதும் கூடவே இருக்கிறவளிடம் யார் போய் அதைக் கேட்கிறார்கள்? பாவம் அம்மா, மகளுக்குப் பயந்து ஒரு சின்ன ஆசையை ஒளித்து வைத்தாளே என்று நினைத்து, வராந்தாவில் போகிறவர்கள் பார்க்கப் பார்க்கவே முப்பிடாதி அழுதாள்.

உள்ளே திரும்பி வந்தபோது திரையில் கல்யாணப் பெண் மட்டும் இருந்தாள். கை இல்லை. மேலே 'பொலிவு' என்று எழுத்து பளபளத்தது. "மேடம் வந்து சத்தம் போட்டாங்கட்டி, அதான் நானே கட் பண்ணி பிரஸ்ஸுக்கு அனுப்பிட்டேன்" என்றாள் ஷைனி. இவள் முகத்தைப் பார்த்ததும், "என்னட்டி, என்னாச்சு?" என்று எழுந்தாள். ஒன்றுமில்லை, அம்மா திதி வருகிறது, அப்பா பேசினார் என்றாள் முப்பிடாதி. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. ஷைனி வெட்டாவிட்டாலும் அம்மா தானாகவே கையை இழுத்துக்கொண்டிருப்பாள். ஷைனி தோளைத் தட்டிவிட்டு, வகுப்பில் பையை எடுத்து வருகிறேன் என்று போனாள்.

அப்பா அனுப்பிய படம் வந்திருந்தது. முப்பிடாதி அதைச் சிஸ்டத்தில் ஏற்றித் திறந்தாள். ரோஸ் பெண் திரை நிறைய வந்து உட்கார்ந்தாள். இந்த ஒரு வருஷத்தில் அவளை நேருக்கு நேர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வானமும் புறாவும் இல்லாமல், மேலே எழுத்து இல்லாமல், மாலை இல்லாமல். மாலை இல்லாததால்தான் அது தெரிந்தது. பேனரில் அந்த இடத்தில் பூமாலை தொங்கியது, வீட்டுச் சுவரில் சந்தனமாலை தொங்குகிறது. மாலைக்கு அடியில், தாடைக்குக் கீழே, கழுத்து வேறு நிறத்தில் இருந்தது. ராசையா அண்ணன் முகத்தை மட்டும் வெளுத்துவிட்டுக் கழுத்தை அப்படியே விட்டிருந்தார். காதும் அப்படியே இருந்தது, தோடுக்குப் பின்னால். கறுத்த, கொஞ்சம் செம்மை ஓடிய, எண்ணெய் மினுக்கிற நிறம். அம்மாவின் நிறம். முப்பிடாதி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஊர் ஊராக ஆல்பம் ஆல்பமாகத் தேடியதில் பாதி இதோ இருக்கிறது. நிறத்தை உறிஞ்சி எடுக்கிற கருவியை அந்தக் கழுத்தில் ஒரு முறை வைத்தால் போதும், அப்படியே மேலே கொண்டுபோய்ப் பூசலாம், தாடை, கன்னம், நெற்றி. கண்ணும் மூக்கும் அடியில் எங்கேயும் போய்விடவில்லை, வெளுப்புக்குள்ளேதான் இருக்கின்றன. நிறத்தைப் போட்டால் அம்மா எழுந்து வந்துவிடுவாள். அவளுக்கு அந்த வேலை தெரியும். சாயங்கால பஸ்ஸுக்குள் முடித்துவிடலாம்.

கருவியைக் கொண்டுபோய்க் கழுத்தில் வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. அம்மாவுக்கு இந்தக் கழுத்துத் தெரிந்தால் என்ன சொல்வாள் என்று நினைத்தாள். அது நன்றாகவே தெரிந்தது, யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பார்லரில் வேலைக்கு இருந்த பெண்ணை அம்மா ஒரே ஒரு காரியத்துக்குத்தான் வைவாள். முகத்துக்குப் போட்டுவிட்டுக் கழுத்தை விட்டால் வைவாள். "முகமூடி மாட்டின மாதிரி பிள்ளைய மணவறைல உக்கார வைப்பியா? கழுத்து யாரு கழுத்து? காத யாரு செய்வா?" தானே ஸ்பாஞ்சைப் பிடுங்கி, தாடையிலிருந்து கீழே, காதுக்குப் பின்னே, பிடரிவரைக்கும் இழுத்து இழுத்து, எங்கே பூச்சு முடிகிறது எங்கே தோல் தொடங்குகிறது என்று தெரியாமல் ஆக்குவாள். அப்படிப்பட்டவள் ஒரு வருஷமாகக் கழுத்து வேறு முகம் வேறாகச் சுவரில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். கேட்டது ஒரே ஒரு அலங்காரம், அதையும் யாரோ அரைகுறையாகச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முப்பிடாதி கருவியைக் கழுத்திலிருந்து எடுத்துக் கன்னத்தில் வைத்தாள். ரோஸ் நிறம் ஏறிக்கொண்டது. அதிலிருந்து ரோஸை எடுத்துவிட்டு மஞ்சளைக் கொஞ்சம் கூட்டினாள், அம்மா அப்படித்தான் கலப்பாள். கன்னத்தின் மெழுகைக் குறைத்தாள். பிறகு பிரஷ்ஷைச் சிறிதாக்கி, மென்மையாக்கி, தாடையிலிருந்து கீழே இறங்கினாள். ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கறுப்பு போய்க்கொண்டிருந்தது. தன் கையாலேயே அதை அழிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். கண்ணில் நீர் வந்து திரை கலங்கியபோதெல்லாம் நிறுத்தி, துப்பட்டாவால் துடைத்துவிட்டுத் தொடர்ந்தாள், ஓரம் தெரியக்கூடாதே. கழுத்து முடிந்தது. காது மடலைச் செய்தாள், தோடைச் சுற்றிச் செய்தாள், காதுக்குப் பின்னால் கடைசியாக நிழலில் கிடந்த இடத்தையும் விடாமல் செய்தாள். அட்டைப்படத்துப் பெண்ணுக்குக்கூட இவ்வளவு பார்த்துச் செய்யவில்லை. முடித்துத் தள்ளி உட்கார்ந்து பார்த்தபோது, குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் ஒரு பெண் சிவப்பாக, அழகாக, கல்யாணத்துக்குத் தயாராக இருந்தாள்.

பழைய படத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். புதியதை அப்பாவுக்கு அனுப்பினாள். ஷைனி பையோடு வந்து, பஸ் வந்திடுச்சுட்டி என்று கதவிடமிருந்தே கூப்பிட்டாள். சிஸ்டத்தை அணைக்கப்போனபோது அப்பாவிடமிருந்து பதில் வந்தது. அப்பாவுக்கு டைப் பண்ண வராது, பேசித்தான் அனுப்புவார். முப்பிடாதி போனைக் காதோடு வைத்துக் கேட்டாள். முதலில் டெப்போ சத்தம்தான் கேட்டது. பிறகு அப்பா சொன்னார்:

"இப்பந்தாம்மா அவள மாதிரி இருக்கு. எனக்கு அவ எப்பமும் இப்பிடித்தான் தெரிவா."

முப்பிடாதி மறுபடியும் திரையைப் பார்த்தாள். அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அம்மா இப்படித்தான் இருந்தாளா என்று அவளுக்குத் தெரியவில்லை.